சுத்தப் பிரதி

"பென்சிலே போதுங்க, இன்ஸ்பெக்டர் சார். பேனான்னா எனக்குக் கை ஓடாது. நோட்டைப் பத்தித்தானே கேட்டீங்க? சொல்றேன்."

எங்கள் ஆரணிப் பட்டுக் கம்பெனியில் புது டிசைன் என்றால் அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைவது நான். அதைப் பார்த்து, தறியில் எந்த நூல் எழும்ப வேண்டும் என்று காட்டும் ஜக்கார்டு அட்டைகளில் துளை குத்துவது எல்லப்பன். முள்ளிப்பட்டில் தன் வீட்டுத் தறியில் நெய்து பார்ப்பது பலராமன். அவரவர் கண்ட குறையை நோட்டில் எழுத வேண்டும். வாரக் கடைசியில் நான் அதையெல்லாம் தனித் தாளில் சுத்தமாகப் பெயர்த்து எழுதித் தருவேன். அந்தப் பிரதியில் உள்ளபடிதான் வேலை நடக்கும். எண்பத்திரண்டில் இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவன் நான்தான்.

பலராமன் நல்ல நெசவாளி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் என் படங்களின் மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். ஒருமுறை முதலாளி எதிரிலேயே, "மாஸ்டரே, உங்க அன்னம் கழுத்து இப்படி நீண்டுகினே போனா, சேலையை வுட்டு எறங்கித் தண்ணி குடிக்கப் போயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். கழுத்தில் ஆறு வரிசையைக் குறைத்தேன். அந்த வருஷம் அந்த டிசைன்தான் நன்றாகப் போனது. நோட்டில் பலராமன் பெயரைப் போடச் சொன்னார் முதலாளி. நானே எழுதினேன். எழுத்து அழகாகத்தான் வந்தது.

அடுத்த டிசைன் பெரியது. தறிக்கு மேலே, வீட்டு உத்தரத்தில், அட்டைகள் ஓடும் கனமான ஜக்கார்டு பெட்டி இரண்டாவதாக ஒன்றை ஏற்ற வேண்டும். பலராமன் வெளியே போயிருந்தபோது எல்லப்பன் அவர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுதினார்: 'இடது உத்தரம் கரையான் அரித்திருக்கிறது. முட்டுக் கொடுக்காமல் பெட்டி ஏற்றக் கூடாது.' மறுநாள் மகள் கல்யாணத்துக்காகப் போளூர் போய்விட்டார்.

நான் பிரதி எழுதினேன். அந்த வரியை மட்டும் எழுதவில்லை. மறதி இல்லை. பொய்யாக எதையும் சேர்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளை வாங்க வந்த பலராமன், "உத்தரம் தாங்குமாங்க? எல்லப்பன் வந்து பாத்தாராமே, என்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"தாளுல எழுதியிருக்கறதுதான்" என்றேன்.

நிதானமாகப் படித்தார். "அப்பச் சரிங்க" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முதல் தடவையாக என் எழுத்தை அவர் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை பெட்டியை ஏற்றினார்கள். வியாழக்கிழமை அவர் நெய்துகொண்டிருக்கும்போது உத்தரம் முறிந்து, இரண்டு பெட்டிகளும் தலைமேல் விழுந்தன. அவர் செத்ததில் எனக்குச் சந்தோஷம் ஏதும் இல்லை. எனக்கு அவர்மேல் கோபமும் இருந்ததில்லை. டிசைன் என்றால் ஒருவர் சொல்தான் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அட்டைக் கட்டுக்குச் சேதம் இல்லை. போய்ப் பார்த்துவிட்டேன். கம்பெனியில் ஒரு தறி காலியாக இருக்கிறது. பலராமன் மனைவி சின்னக்கண்ணுவுக்கும் நன்றாக நெய்ய வரும்.

"சார், காரியம் முடிஞ்சதும் அந்தம்மாவையே வந்து இந்தச் சேலையை நெய்யச் சொல்லுவீங்களா? நான் வரைஞ்சபடியே, ஒரு புள்ளி மாறாம?"