காப்பு கட்டிய பந்தாட்ட வாத்தியார்

சாமி காரியத்தில் சிரிப்பு கலந்தால் குற்றமாகுமோ என்று பல வருஷம் இதை எழுதாமல் இருந்தேன். அம்மன் பொறுப்பாள்.

மொரீஷியஸில், ஃப்ளாக் ஊருக்குப் போகும் ரயிலில் என் எதிரே இருவர். மறுநாள் தீமிதி. மலை மாதிரி இருந்தவர் கையில் மஞ்சள் காப்பு.

"காப்பு கட்டினா வாயில கெட்ட வார்த்தை வரக்கூடாது. கெட்ட வார்த்தை இல்லாம எனக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கத் தெரியாதே, மச்சான்!"

"எஸ்டேட் அணியில பின்வரிசையில ஆடினப்ப?"

"அப்ப வாய் எதுக்கு? கால் போதும். என்னைப் பார்த்தா எதிராளி சாமி கும்பிட்டுட்டுத்தான் பந்தைத் தொடுவான். இப்ப பள்ளிக்கூடப் பையன்களுக்கு வாத்தியார். இன்னைக்கும் தோத்தா திரும்பக் கரும்பு வெட்டப் போன்னு பெரிய வாத்தியார் சொல்லிட்டார்."

"அப்புறம்?"

"கோட்டுக்கு வெளியே வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். பையன்க என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. திட்டு வரலைன்னு தெரிஞ்சதும் பந்தைப் பார்த்தாங்க. மூணு கோல்! முதல் ஜெயம்."

"வேலை நிலைச்சுது, போ!"

"எங்கே? நாளைக்குத் தீ மிதிச்சதும் காப்பை அவிழ்த்துடுவாங்க. அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்கே."

"பூசாரிகிட்டச் சொல்லி இன்னொரு காப்பு கட்டிக்க."

"காப்பு இருந்தா கவுச்சி கூடாது. விரதம் முடியுதுன்னு உன் தங்கச்சி கோழியைப் பிடிச்சுக் கட்டி வெச்சிருக்கா, மச்சான்."

"அப்ப கரும்பு வெட்டு."

ஸ்டேஷன் வந்தது. இறங்கும்போது வாத்தியார் காப்பைத் தடவிப் பார்த்தார்.

"நீ முன்னால போ. கோழியை அவிழ்த்து விடச் சொல்லு."

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கேட்டபடியே சொல்லுங்கள். ருசிக்காக அந்தக் கோழியைக் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.