தளை தட்டாத பாட்டு

— அழகு இருக்கட்டும் வாத்தியாரே. எம் பொண்ணு எங்க போனான்னு இந்த ரெண்டு வரியில இருக்கா, இல்லையா?

— அவசரப்படாதீங்க முதலாளி. இது குறள் வெண்பா. முதல் வரியில நாலு சீர், ரெண்டாவதுல மூணு.

— ஒண்ணு குறையுதே! முடிக்கக்கூட நேரமில்லாம ஓடினாளா?

— குறையல. இந்தப் பாட்டுக்கு அளவே அவ்வளவுதான்.

— ஜவுளிக்கடைக்காரனுக்கே அளவு சொல்றீங்க. சரி, இன்னொரு தடவை வாசிங்க. எனக்கு எழுத்து கலங்குது.

— "கேட்க ஒருசெவி கிட்டாத வீட்டினில்
பூட்டாமல் போனேன் கதவு."

— என் அளவுகோலுக்கு அடியில வெச்சிட்டுப் போயிருக்கா. மூணு நாளாச்சு. சிநேகிதிங்க வீடு, பஸ் ஸ்டாண்டு, போலீஸ் ஸ்டேஷன், எல்லாம் ஏறி இறங்கியாச்சு. அவ அம்மா இன்னும் கதவைப் பூட்ட விட மாட்டேங்கறா.

— கேட்க, பூட்டாமல்: எதுகை. கேட்க, கிட்டாத: மோனை. எங்கயும் இடிக்கல.

— நீங்க நூலை எண்ணிக்கிட்டிருக்கீங்க. துணியைப் போட்டிருந்தவளைக் காணோம்யா!

— எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் முதலாளி. வேற எப்படித் தேடறதுன்னு தெரியல.

— எனக்கு மட்டும் தெரியுதா? அவ பேச வந்தா, "வியாபார நேரம், அப்புறம்மா"ன்னு தள்ளினவன் நான். சாயங்காலம் உங்க வகுப்புக்கு வர்றாளேன்னு நிம்மதியா இருந்தேன்... ஆமா, இந்த "ஒருசெவி" யார் சரக்கு?

— ஏன் கேக்கறீங்க?

— எங்க வீட்டுல எல்லாருக்கும் காதுதான். செவின்னு எவனும் சொன்னதில்ல. நாப்பது வருஷமா சரக்கு பாக்கறேன், ஒட்டுப்போட்டது கண்ணுல படும். ஏன் கண்ணாடியைக் கழட்டறீங்க?

— அவ எழுதினது வேற.

— வேறயா? நீங்க எப்பப் பாத்தீங்க?

— திங்கக்கிழமை, அவ வந்த கடைசி வகுப்புல. வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. இவ மட்டும் போகாம நின்னுக்கிட்டிருந்தா. "கேட்க யாரும் கிட்டாத"ன்னு எழுதி, எங்கிட்ட நீட்டினா.

— நீங்க என்ன கேட்டீங்க?

— ஒண்ணும் கேக்கல முதலாளி. அந்த இடத்துல "யாரும்" நிக்காது, தளை தட்டுதுன்னு சிவப்புல அடிச்சேன். "ஒருசெவி"ன்னு நானே போட்டுக் குடுத்து, "இப்ப சரியா இருக்கு, நீ போகலாம்"னு அனுப்பி வெச்சுட்டேன்.