பச்சைக் கதவு வீட்டு மாடக்கண்ணு

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்கள் நாவல் எழுத முடியாது. உறவினர்கள் துண்டோடு வந்துவிடுவார்கள். ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையோடு என் மேசைமேல் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். ஆகவே என் புத்தகங்கள் எல்லாம் சாரல் நின்ற பிறகு எழுதியவை. நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் புத்தகமும் அப்படித்தான், கௌரிசங்கர் சார்.

நான் பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சரித்திர நாவல் எழுதுகிறவள். சிறு வயதில் நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தேன். பனி, சாரட்டு வண்டி, ரகசியக் கடிதத்தோடு குதிரையில் போகும் பெண். எங்கள் பக்கம் பனி கிடையாது. பாளையக்காரர்கள் இருந்தார்கள். அது போதுமாக இருந்தது.

பெயர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைகளை நான் எறிவதில்லை, ஒரு பையில் போட்டு வைப்பேன். இன்னார் வகையறா, இன்னாரின் கொள்ளுப்பேரன் என்று நம் ஆட்கள் பரம்பரையையே அச்சடித்துவிடுகிறார்கள். பழைய பெயர் வேண்டும்போது பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பேன். தளபதியும் வந்திருக்கிறார், சமையல்காரரும் வந்திருக்கிறார்.

சுகந்தி என் பள்ளித் தோழி. நூலகத்தில் பக்கத்து நாற்காலி. நான் எழுதிய முதல் நாவலை அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பித் தந்தாள்.

"நல்லாத்தான் இருக்குட்டி. படிச்ச உடனே தூக்கம் வருது. எங்க அப்பாவுக்கும் ஒரு காப்பி குடு, பாவம் தூங்காம கெடக்காவ."

நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அது பதினோரு வருடத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் நான்கரை மணிக்கு.

நான்காவது நாவலில் கோட்டைக் கதவைத் திறந்துவிடும் துரோகி ஒருவன் தேவைப்பட்டான். பைக்குள் கையை விட்டேன். சுகந்தியின் அண்ணன் கல்யாணப் பத்திரிகை மேலாகக் கிடந்தது. மேலே வைத்தவள் நான்தான். 'மாடக்கண்ணு வகையறா' என்று போட்டிருந்தது. துரோகிக்கு மாடக்கண்ணு என்று பெயர் வைத்தேன். வசதியாக அவர்கள் ஊரின் பெயரையும் மாற்றாமல் விட்டேன்.

புத்தகம் நன்றாகப் போனது. பள்ளிகளில் பேசக் கூப்பிட்டார்கள். அவர்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, மாடக்கண்ணு நிஜமா என்று கேட்டது. செப்பேடு இருக்கிறது என்றேன். பிள்ளைகள் ஏமாந்துபோவதை என்னால் பார்க்க முடியாது. அவன் வீடு எங்கன இருக்கு டீச்சர் என்றது. கோவிலுக்கு எதிர்ச் சந்தில், பச்சைக் கதவு என்றேன். மறுநாளே கதவில் சாணி அடித்திருந்தார்கள். பச்சை என்பதால் அவ்வளவாகத் தெரியவில்லை.

அந்த ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை மாடக்கண்ணு வகையறாவின் மூத்த ஆணுக்கு. பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார். அப்போது மூத்தவர் சுகந்தியின் அப்பா, இசக்கிமணி மாமா. எனக்கும் அவர் மாமாதான். சிறு வயதில் அந்தப் பச்சைக் கதவு வீட்டில் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.

கொடைக்கு வில்லுப்பாட்டு அய்யாக்குட்டி அண்ணாச்சி. புத்தகத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊர்க் கதையை ஊரிலேயே பாடாவிட்டால் எப்படி என்றேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, இது உள்ளதுதானா? சாமி முன்னால பாடுதது."

"செப்பேட்டுல இருக்கு அண்ணாச்சி."

மதியக் கொடையில் பாடினார். அச்சடித்தது வெறும் கதை. வில்லில் பாடிவிட்டால் எங்கள் பக்கத்தில் அது நடந்ததுதான். பாட்டு முடிந்ததும் மாமா வழக்கம்போலப் பரிவட்டத்துக்குத் தலையைக் குனிந்து நின்றார். பூசாரி கூட்டத்தைப் பார்த்தார். துணியை மடித்துத் தட்டிலேயே வைத்துவிட்டார். மாமா கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றார்.

அடுத்த வருடக் கொடைக்கு அவர் வரவில்லை. இந்த வருடம் வர அவர் இல்லை. நெஞ்சுவலி என்றார்கள். நான் மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பெரிய மாலைதான்.

போன வாரம் சுகந்தி இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். அழவில்லை.

"எல்லாம் கதைதான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுட்டி. செவ்வாக்கெழம கொடை. எங்க அண்ணனுக்காவது கட்டட்டும்."

முடியாது என்றேன். உடனே உங்களைப் பிடித்துவிட்டாள். வரலாற்றுப் பேராசிரியர் நீங்கள், செப்பேட்டைக் காட்டச் சொல்கிறீர்கள். செப்பேடு கிடையாது சார். மாடக்கண்ணு யாரென்றே எனக்குத் தெரியாது. நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். பெயரை எடுத்ததும், கதவைக் காட்டிக் கொடுத்ததும், அண்ணாச்சி வீடு வரை நடந்ததும் நான்தான். ஒவ்வொன்றையும் தெரிந்தே செய்தேன். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன். என்னை நம்பும் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்ய எனக்கு மனம் வராது.

இதை நீங்கள் எழுதப் போகிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். காப்பி ஆறுகிறது, குடியுங்கள். உங்களுக்கு ஆலங்குளம் பக்கம் என்றீர்கள், இல்லையா? அடுத்த நாவலில், பிள்ளைகளை விட்டுவிட்டு முதல் ஆளாக ஓடும் கோழை ஒருவன் வருகிறான். இன்னும் பெயர் வைக்கவில்லை.

உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஏதாவது இருக்கிறதா, சார்?