குரலுக்கு அஞ்சுக்கு அஞ்சு

"மைக் கடைசி வரைக்கும் வேலையே செய்யல. ஆனா என் குரலுக்கு எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காங்க."

அடையாறு பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் ஆன்லைன் கல்வி பற்றிய ஏதோ மாநாட்டின் அட்டை. மேடையில் பேசுவது எப்படி என்று அங்கே வகுப்பெடுத்துவிட்டு வருகிறார் மூத்தவர்.

"அதெப்படி மேடம்?" என்றாள் இளையவள்.

"ஃபீட்பேக் ஃபார்மை நான் பேசறதுக்கு முன்னாடியே வாங்கிட்டாங்க. அதைக் கொடுத்தாத்தான் சாப்பாட்டு டோக்கன்."

குரலில் கூச்சம் துளிகூட இல்லை.

"அதுல ஒருத்தர், 'உங்க பேச்சு என் வாழ்க்கையையே மாத்திடுச்சு'ன்னு எழுதியிருக்காங்க. பேர் போடல. யாருன்னு தெரிஞ்சா நேர்ல நன்றி சொல்லணும்."

பஸ் ஒரு சிக்னல் தாண்டியது.

"நான்தான் மேடம். பிரியாணி தீர்ந்துடப் போகுதேன்னு எழுதிக் கொடுத்துட்டு ஓடிட்டேன்."