தங்கைக்குக் கிடைக்காத வக்கீல்

நான் எதிலும் முந்திக்கொள்கிறவன், ஐயா. முடிவெட்டும் கடையில் நாற்காலி காலியாகும் முன்பே எழுந்து நின்றுவிடுவேன். மழை வரும் என்று வானொலி சொன்னால், வராவிட்டாலும் குடையோடுதான் போவேன். வக்கீல் விஷயத்தில் நான் செய்ததும் அவ்வளவுதான். தங்கை போவதற்கு முன்னால் நான் போனேன்.

விசாரணை என்றால் முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன். அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

அப்பா எங்கள் நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். கால்வாய் நுழைகிற மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதி தங்கைக்கு. தண்ணீருக்கு முறை வைத்தார். வாரத்தில் பாதி நாள் என் முறை, பாதி நாள் அவள் முறை. அவள் முறை வந்தால் நான் மதகைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் என் வயலைக் கடந்து அவள் பக்கம் போகும். நான் மக்காச்சோளம் போட்டேன், அவள் எலுமிச்சை வைத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்து ஆட்டம் காட்டிவிட்டு, அறுத்ததும் போய்விடுகிறது. எலுமிச்சை நின்ற இடத்திலேயே நின்று வருஷம் முழுக்கக் காய்க்கிறது. அவள் கணவன் இறந்த பிறகு அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்தத் தோட்டம்தான் பிழைப்பு. ஒற்றைப் பெண் இத்தனை மரங்களோடு மல்லுக்கட்டுவதை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கே விற்றுவிடு என்றேன். நியாயமான விலைதான் சொன்னேன். எனக்கு நியாயமாகப் பட்ட விலை.

“இத வித்துட்டு நாங்க என்னத்தச் சாப்பிடறது அண்ணே?” என்றாள்.

காய்க்கிற மரத்தை யாரும் விற்க மாட்டார்கள். வாடுகிற மரத்தை விற்பார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

ஆனால் வாட வைத்தால் அவள் சும்மா இருப்பாளா? வக்கீலிடம் போவாள். எங்கள் ஊரில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை. கோர்ட்டுத் தெருவில் கல்லை எறிந்தால் கறுப்புக் கோட்டின் மேல்தான் விழும். விவாகரத்துக்கு ஒருவர், விபத்துக்கு ஒருவர், செக் திரும்பி வந்தால் ஒருவர். விவசாயச் சட்டத்துக்கென்று இருப்பவர் ஒரே ஒருவர்தான். நிலவக்கீல் என்றால் குழந்தைக்கும் தெரியும். மற்ற வக்கீல்கள் நிலத்தைக் காகிதத்தில் பார்ப்பார்கள். இவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிப் பார்ப்பார். தண்ணீர்த் தகராறில் இவர் எடுத்த கேஸ் தோற்றதே இல்லை.

ஒரு பக்கத்துக்கு வக்கீலாக இருப்பவர் அதே விவகாரத்தில் எதிர்ப்பக்கம் போகக் கூடாது. இது அவர்கள் தொழில் தர்மம். எனக்கு அந்த தர்மத்தின் மேல் பெரிய மரியாதை. அதனால், குழாய் வாங்குவதற்கு முன்பே அவரைப் போய்ப் பார்த்தேன்.

“என்ன பிரச்சினை?” என்று கேட்டார்.

“இன்னும் வரல சார். எங்க கால்வாய்த் தண்ணியில வரும்போல இருக்கு. வந்தா நீங்கதான் பாக்கணும்.”

“பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே வக்கீல் வைக்கிற ஆள இப்பதான் பாக்கறேன்” என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவரே என் வக்கீல் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகக் குழாய்க் கடைக்குப் போனேன்.

என் வயலுக்குப் பின்னால் ஒரு கல்குழி இருக்கிறது. கல் வெட்டியவர்கள் மூடாமல் விட்டுவிட்டுப் போன பள்ளம். வரப்புக்கு அடியில் குழாய் பதித்து அதில் கொண்டுபோய் விட்டேன். தங்கையின் முறை வந்தால், நாலு பேர் பார்க்க மதகைத் திறப்பேன். தண்ணீர் உள்ளே வந்து, குழாயில் இறங்கி, குழிக்குப் போய்விடும். அவள் பக்கம் ஓணான் கால் நனைக்கிற அளவு போகும். முழுக்க நிறுத்தவில்லை, ஐயா. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

“மேலயே தண்ணி கம்மிம்மா” என்றேன். நம்பினாள். அண்ணன் சொன்னால் நம்புகிற பெண். இலை சுருண்டது, பூ உதிர்ந்தது, காய் கோலிக்குண்டாகவே நின்றுவிட்டது. வீட்டுக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கன்றுகளுக்கு ஊற்றினாள். ஒருநாள் நானே இரண்டு வாளி தூக்கிக் கொடுத்தேன். கூடப் பிறந்தவன் உதவவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

கடைசியில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. என் மேல் இல்லை. மேலே யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்தாள். நான் நினைத்தபடியே நிலவக்கீலிடம் போனாள். அவர் கையை விரித்துவிட்டார். “ஒங்க அண்ணன் என் கட்சிக்காரர்மா. இந்தத் தண்ணி விஷயத்துல நான் ஒங்களுக்கு வர முடியாது. வேற யாரையாவது பாருங்க.” வேறு யார் இருக்கிறார்கள்? விபத்து வக்கீல்தான் சும்மா உட்கார்ந்திருந்தார். என் மனைவி அவளுக்குத் துணையாகப் போய்விட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏங்க, அந்தாளு வண்டி நம்பர் என்னங்கறாரு. மரம் காயுதுங்கன்னா, மரத்துல எந்த வண்டி மோதிச்சுங்கறாரு.”

அவர் போட்ட மனு போன வேகத்தில் திரும்பி வந்தது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. அன்று மாலை தங்கை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. “நீயே எடுத்துக்க அண்ணே. யாரோ ஒருத்தன் கையில போறதுக்கு நீ வச்சிருந்தா, நான் அப்பப்ப வந்து பாத்துக்குவேன்” என்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தேன், ஐயா. பழைய விலையைத் தர முடியாது, மரமெல்லாம் வாடிவிட்டதே என்று அவள் குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன். பதிவுக்கு அடுத்த வாரம் நாள் குறித்தோம்.

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் நிலவக்கீலுக்கு உறுத்தல். தங்கை வந்து போனதிலிருந்து அவருக்கு மனசு சரியில்லை. ஒருநாள் பூட்ஸோடு என் வயலுக்கே வந்துவிட்டார். வரப்பு ஓரமாக ஒரு குச்சியை நட்டு நட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். “ஈரம் இருக்கவேண்டிய எடத்துல இல்ல. இருக்கக் கூடாத எடத்துல இருக்கு” என்றார். ஈரத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கல்குழிக் கரையில் நின்றார். குழி நிறையத் தண்ணீர். நான் அதில் மீன் விட்டிருந்தேன், சும்மா கிடக்கிற தண்ணீர்தானே என்று. ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

மருத்துவரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பார்கள். நான் மறைக்கவில்லை. குழாய், மதகு, அவரை முதலிலேயே பிடித்துப் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல ஆள் கிடைக்காமல் எத்தனை மாதம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன் தெரியுமா? அவர் முகம் சுண்டிப்போனது.

“இத நான் வெளிய சொல்ல முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். அதனாலதான் சொன்னேன்.”

“நான் ஒங்க கேஸ விட்டுடறேன்.”

“விடுங்க. அப்பவும் அவ பக்கம் போக முடியாதுல்ல?”

அவர் பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார். பாவம், நல்ல மனிதர். மனசு நோகக் கூடாதே என்று, “வாரக் கடைசியில வந்து தூண்டில் போடுங்க சார். நம்ம மீன்தான், எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க” என்றேன். ஐயா, என் வாழ்க்கையில் நான் யாருக்கும் எதையும் இலவசமாகக் கொடுத்ததில்லை. அந்த ஒரு தடவை கொடுத்தேன்.

வந்தார். பதிவு நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், தூண்டிலும் கூடையுமாக வந்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து இரண்டு பெரிய மீன் பிடித்தார். பிறகு முட்டி வரை சேற்றில் இறங்கி பூட்ஸை நன்றாக நனைத்துக்கொண்டார். பஸ் நிறுத்தத்துக்கு நேர்வழி இருக்கும்போது, சுற்றிக்கொண்டு தங்கையின் தோட்டத்து வழியாகப் போனார். மீன் இரண்டும் கையில் துள்ளிக்கொண்டிருந்தன. அங்கே நடந்ததை என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் அப்போது நாத்தனாரோடு வேலி ஓரம் நின்றிருந்தாள்.

“சார், இந்த வறட்சியில மீன் எங்க கெடைச்சுது?” என்று தங்கை கேட்டிருக்கிறாள்.

“அத நான் சொல்லக் கூடாதும்மா.”

“எந்தப் பக்கத்துல இருந்து வர்றீங்க?”

“அதையும் சொல்லக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டார். வெடித்துக் கிடந்த மண்ணில் அவர் வந்த வழி முழுக்க ஈரத் தடம். தங்கை அந்தத் தடத்தைப் பார்த்தாள். மீன் போன பக்கம் பார்க்கவில்லை, தடம் வந்த பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். என் மனைவியும் பின்னாலேயே போனாள். இரண்டு பேரும் கல்குழிக் கரையில் போய் நின்றார்கள். தங்கை அழவில்லையாம், கத்தவில்லையாம். கரையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டு, எடுக்காமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாளாம்.

“சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டீங்களேங்க” என்றாள் என் மனைவி. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். வீடு நல்ல அமைதியாக இருக்கிறது.

பதிவு நாளில் தங்கை வரவில்லை, அவள் புகார்தான் வந்தது. நிலவக்கீல் மேல் நானும் ஒரு புகார் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கட்சிக்காரன் ரகசியத்தைக் காப்பது அவர் கடமை. காப்பாற்றத்தான் செய்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மீனுக்கும் பூட்ஸுக்கும் அந்தக் கடமை கிடையாது. இப்படி ஒரு கெட்டிக்காரரைத் தேடிப் பிடித்தவன் நான்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் திருப்திதான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். குழாய் பதித்தது நான். என் தங்கையின் தண்ணீரை எடுத்தது நான். மரங்களைக் காய விட்டதும், அவளுக்கு வக்கீல் கிடைக்காமல் செய்ததும் நான். தண்ணீர் திரும்பப் போன பிறகு பாதி மரம் துளிர்த்திருக்கிறதாம். மீதிப் பாதியை வெட்டப் போகிறாள் என்றால், விறகை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அவளுக்கு என் மேல் கோபம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அவள் எழுதிய புகாரை நீங்கள்தானே இப்போது படித்துக் காட்டினீர்கள்? முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘மேல் நிலத்துக்காரர்’ என்றுதான் எழுதியிருக்கிறாள். ஓர் இடத்தில்கூட அண்ணன் என்று எழுதவில்லை. பாருங்கள், இத்தனைக்குப் பிறகும் நாலு பேர் முன்னால் என் மானம் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.