யாக்கோபைக் கொன்ற ஏரோது

ஆனந்தமேரி: வண்டிய இங்கனயே நிறுத்துங்க. தீபா வீட்டு வாசல் வரைக்கும் வேணாம்.

ராயப்பராஜ்: திண்டுக்கல்லுல இருந்து ரெட்டியார்சத்திரம் வந்தாச்சு. இந்தப் பத்து எட்டுக்கு என்ன?

ஆனந்தமேரி: செத்த நேரம் இருங்க... அவ அப்பா வாசல்ல பூ மூட்டை கட்டிக்கிட்டிருக்காரு.

ராயப்பராஜ்: சோலைமுத்து ஒன்னயக் கடிச்சா திங்கப் போறாரு? ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் மறைக்கல்வி சொல்லித் தார டீச்சரு... பன்னெண்டு வயசுப் புள்ளைட்ட மன்னிப்புக் கேக்க நடுங்குது பாரு!

ஆனந்தமேரி: கேலி பண்ணாதீங்க.

ராயப்பராஜ்: சரி, என்ன சொல்லப் போற?

ஆனந்தமேரி: "நாலஞ்சு ஏரோது இருக்காங்க பாப்பா, டீச்சர் குழம்பிட்டேன்"னு...

ராயப்பராஜ்: எனக்கே குழம்புது. பச்சப் புள்ளைகளக் கொன்னவன்?

ஆனந்தமேரி: பெரிய ஏரோது. தாத்தா.

ராயப்பராஜ்: யோவான் தலைய வெட்டித் தட்டுல வச்சுக் கொடுத்தவன்?

ஆனந்தமேரி: மகன். அந்திப்பா. ஆண்டவரக் கேலி பண்ணி பிலாத்துகிட்டத் திருப்பி அனுப்புனதும் அவன்தான்.

ராயப்பராஜ்: யாக்கோப வாளால கொன்னவன்?

ஆனந்தமேரி: ...பேரன். அகிரிப்பா.

ராயப்பராஜ்: தீபாவும் கோயில் வினாடி வினாவுல அதத்தான சொன்னா?

ஆனந்தமேரி: கடைசிக் கேள்வி. அவ 'பேரன்'னா, தப்புன்னேன். நம்ம ரீனா 'மகன்'னா, சரின்னேன். "இல்ல டீச்சர், பேரன்தான்"னு அந்தப் புள்ள மறுபடி எந்திரிச்சா...

ராயப்பராஜ்: நீ அதுக்கு...

ஆனந்தமேரி: வேணாங்க, சொல்லாதீங்க.

ராயப்பராஜ்: "சாமியாடுற வீட்டுப் புள்ளைக்கு ஏரோதப் பத்தி என்ன தெரியும்? உக்காரு!"

ஆனந்தமேரி: என் நாக்கு அழுகிப் போக... அம்புட்டு சனமும் சிரிச்சுச்சு. அவ அம்மா நம்ம கோயில் பங்குல பொறந்து வளந்து, சாமியாடுற சோலைமுத்தக் கட்டிக்கிட்டவ. பின் பெஞ்சுல தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மூணு ஞாயிறா ஆத்தாளும் மகளும் கோயில் பக்கமே வரல.

ராயப்பராஜ்: குழம்பிட்டேன்னு சொன்னா முடிஞ்சது. போ.

ஆனந்தமேரி: குழம்பலங்க.

ராயப்பராஜ்: என்னது?

ஆனந்தமேரி: விடைத்தாள் என் கையிலதான் இருந்துச்சு. ஃபாதர் எழுதித் தந்தது. "பேரன், அகிரிப்பா"ன்னு கொட்ட எழுத்துல. அவளுக்குச் சரின்னு சொன்னா நம்ம ரீனா ரெண்டாவதாயிருவா. டீச்சர் மக தோத்துட்டான்னு நாலு பேரு பேசுவாங்களேன்னு...

ராயப்பராஜ்: சரி, விடு மேரி.

ஆனந்தமேரி: ஏசவாவது செய்ங்களேன். வெக்கத்துல உசுரு போகுது.

ராயப்பராஜ்: இப்பப் போயி என்ன சொல்லுவ?

ஆனந்தமேரி: உள்ளதச் சொல்லுவேன். அவங்கப்பா இருக்கும்போதே சொல்லுவேன். நீங்க இங்கயே நில்லுங்க.

ராயப்பராஜ்: இரு மேரி, நானும் வாரேன்.

ஆனந்தமேரி: நீங்க எதுக்கு? தப்பு என்னோடது.

ராயப்பராஜ்: போர்டுல மார்க்கு எழுதுனது ஆரு? ஒன் தோளுக்குப் பின்னால நின்னு அந்தத் தாளப் படிச்சுட்டுத்தான், ரீனா பேருக்கு நேரா பத்துன்னு எழுதுனேன்.