வாய் இல்லாத போன்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் பாசஞ்சர் ரயிலில் லேசாகக் கண்ணயர்ந்திருந்தேன். எதிர் இருக்கைப் பெண் சொன்னது கனவில் கேட்பதுபோல் இருந்தது.

“இந்தப் போனுக்குக் காது இருக்கு, வாய்தான் இல்லை.”

பக்கத்தில் லேப்டாப்போடு இருந்தவள் அவளுடைய நாத்தனார். “இது கம்பெனி சாஃப்ட்வேர் இல்லை அண்ணி, ஓப்பன் சோர்ஸ். எங்கெங்கேயோ இருக்கிறவங்க ஆசைக்கு எழுதுறது. ஒவ்வொண்ணா நாமதான் வேலை செய்ய வைக்கணும். கேமரா வந்துருச்சு. மைக்தான் மக்கர் பண்ணுது.”

“என் பழைய போன் வாய்க்கால்ல விழுந்து, உங்க போனை வாங்கிக்கிட்டதுலேருந்து இதே கதைதான். உங்க அண்ணன் துபாய்லேருந்து பேசுறாரு. நான் கேட்டுக்கிட்டே பதிலை டைப் அடிக்கிறேன்.”

“நேத்து யாரோ ஒருத்தர் மைக்குக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருந்தாரு. இப்பதான் ஏத்தினேன். கூப்பிட்டுப் பாருங்க.”

பூதலூரில் ரயில் நின்றிருந்தது. நட்டு முடித்த வயல்களில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அந்தத் தண்ணீருக்குள் மேகம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

“என்னங்க,” என்றாள் அண்ணி.

பிறகு ஸ்பீக்கரில் ஆண் குரல் வந்தது.

“கேக்குது. உன் குரல் கேக்குதும்மா. பேசு.”

அவள் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வயலையே பார்த்தாள். ரயில் நகர்ந்தது.

“ஹலோ? மறுபடியும் மைக் போயிடுச்சா?”

நாத்தனார் போன் பக்கம் குனிந்தாள்.

“மைக் நல்லாத்தான் இருக்கு அண்ணே. அண்ணிக்குத்தான் பேச்சு வரலை.”